ஸ்காட்லாந்தில், அபர்டீனில் இருக்கிற மகளுக்கு

மக்களே,

அப்பா எழுதுகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் "சரிப்பா, டியூட்டிக்கு நேரமாச்சு" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரைக்கும் படி.

இங்கே மழை விட்டுவிட்டது. காலையில் மலைப்பக்கமிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. மேற்கு வேலிப் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது, நீ அதை நினைத்துக் கவலைப்படாதே. கேரல் பிள்ளைகள் போன சனிக்கிழமை ராத்திரி வந்தார்கள். நம் வாசலுக்கு வந்ததும் டிரம் அடிப்பதை நிறுத்திவிட்டு, மெதுவாக ஒரே ஒரு பாட்டுப் பாடி ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அப்படி நின்றார்கள். நம் சபைப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்.

ஸ்டார் போடவில்லை. புல்கூடும் வைக்கவில்லை. அம்மா இறந்த பிறகு வருகிற முதல் கிறிஸ்துமஸ், துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது என்று அத்தை சொல்லிவிட்டாள். ஆனால் உனக்கு முந்திரிக்கொத்து அனுப்பாமல் இருக்க மனசு வரவில்லை. அத்தை வீட்டிலேயே சுட்டோம். சிறுபயறை வறுத்து உடைத்து, தேங்காயைச் சிவக்க வறுத்து, எள், ஏலம், சுக்கு எல்லாம் அம்மா போடுகிற அளவில்தான் போட்டது. பாகு ஊற்றிய சூட்டோடு உருட்டினால்தான் பிடிக்கும், ஆறினால் உதிர்ந்துவிடும் என்று அம்மா அவசரப்படுத்துவாளே, அதே அவசரத்தில் நான் உருட்டிக் கொடுத்தேன். உள்ளங்கை சிவந்துவிட்டது. மஞ்சள் கலந்த அரிசி மாவில் முக்கி மும்மூன்றாகச் சேர்த்து அத்தை எண்ணெயில் போட்டாள். பால், நெய் சேர்ந்தது எதுவும் அனுப்ப முடியாது என்று கூரியர்காரர் சொன்னார். இதில் அது எதுவும் இல்லை. பார்சல் கிடைத்ததும் பிரித்துச் சாப்பிடு. சும்மா அலமாரியில் வைக்காதே. பசி இல்லை என்றாலும் ஒன்று சாப்பிடு.

24, 25, 26 மூன்று நாளும் நீயே டியூட்டி கேட்டு வாங்கியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். சின்னப் பிள்ளைகள் இருக்கிற ஒரு நர்ஸுக்கு உன் லீவைக் கொடுத்தாயாம். கேட்டதும் நெஞ்சு நிறைந்தது. அம்மா இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள். ஆனால் மக்களே, அப்புறம் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். அந்தப் பிள்ளைகளுக்காக மட்டும்தான் கொடுத்தாயா? அந்த மூன்று நாளும் வார்டுக்குள்ளேயே கடந்து போகட்டும் என்று கொடுத்தாயா? பதில் எழுத வேண்டாம். உனக்குள் கேட்டுப் பார்.

உன்கூட இருக்கிற கோட்டயத்துப் பெண் அத்தை மகளிடம் பேசியிருக்கிறாள். அவள்மேல் கோபப்படாதே, அக்கறையில்தான் சொன்னாள். லீவு நாளில் பகல் இரண்டு மணி வரை தூங்குகிறாயாம். சமைப்பதே இல்லை, ரொட்டியும் பிஸ்கட்டும்தானாம். கொயருக்குப் போவதை நிறுத்திவிட்டாயாம். என்னிடம் கேமரா சரியில்லை என்கிறாய். அந்தப் போன் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அம்மா நினைவு என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் அது மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். உன் ஊரில் டிசம்பர் கடைசியில் சூரியன் 8.45 மணிக்கு உதித்து 3.30 மணிக்குள் அடைந்துவிடுகிறது. முழுசாக 7 மணி நேரம்கூட இல்லை. இங்கே நாள் எவ்வளவு சுருங்கினாலும் பதினொன்றரை மணி நேர வெயில் கிடைத்து வளர்ந்தவள் நீ. 7.30க்கு டியூட்டி என்றால் இருட்டில் போகிறாய், எட்டு மணிக்கு முடித்து இருட்டில் திரும்புகிறாய். வாரத்தில் பாதி நாள் சூரியனையே பார்ப்பதில்லை. அந்தக் கருங்கல் கட்டிடங்களுக்கு நடுவே நீ குனிந்த தலையோடு நடந்து போகிற மாதிரியே எனக்குத் தோன்றிக்கொண்டிருக்கிறது.

நீ நர்ஸ், உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். நார்மன் ரோசந்தால் என்று ஒரு மனநல மருத்துவர். தென்னாப்பிரிக்காவில் வெயிலில் பிறந்து வளர்ந்தவர். அமெரிக்கா போன பிறகு ஒவ்வொரு குளிர்காலத்திலும் தனக்கே சோர்வு வருவதைக் கவனித்தார். 1984இல் அவரும் கூட இருந்தவர்களும்தான் இதைக் குளிர்கால மனச்சோர்வு என்று வரையறுத்து எழுதினார்கள். அதிகத் தூக்கம், இனிப்பும் மாவுப் பண்டமும் தேடுவது, ஆட்களைப் பார்க்கப் பிடிக்காமல் போவது எல்லாம் அதன் அடையாளங்கள். படித்தபோது உன்னைப் பற்றி எழுதின மாதிரி இருந்தது. வெளிச்சம் குறைந்தால் உடம்பின் கடிகாரம் தடுமாறுகிறது, தூக்கத்தையும் மனநிலையையும் பார்த்துக்கொள்கிற மெலடோனின், செரடோனின் கணக்கு மாறுகிறது என்கிறார்கள். அதாவது இது சோம்பேறித்தனமும் இல்லை, விசுவாசக் குறைவும் இல்லை. வெயிலில் வளர்ந்த உடம்பு இருட்டுக்குள் தடுமாறுகிறது, அவ்வளவுதான். இதற்கென்றே 10,000 லக்ஸ் வெளிச்சம் தருகிற விளக்கு விற்கிறார்கள். காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார வேண்டும், விளக்கையே உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. நம் வீட்டு டியூப்லைட் வெளிச்சமெல்லாம் சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடிய பகலில் வெளியே நின்றால்கூட அதைவிடப் பல மடங்கு கிடைக்கும். அதனால்தான் சொல்கிறேன், மதிய இடைவேளையில் அந்த ஸ்டாஃப் ரூமிலேயே அடைந்து கிடக்காதே. கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வா. பத்து நிமிஷம் போதும். வைட்டமின் டி மாத்திரையும் சாப்பிடு. குளிர்காலத்தில் தினமும் 10 மைக்ரோகிராம் என்று உங்கள் ஊர் அரசாங்கமே எல்லாருக்கும் சொல்கிறது, நம் நிறத்துக்காரர்கள் வருஷம் முழுக்கச் சாப்பிடலாம் என்கிறது.

கேக்குக்கும் புது வேட்டிக்கும் என்று பணம் அனுப்பியிருக்கிறாய். எனக்கு எதற்கு மக்களே? நான் கேட்டேனா? குரலைத் தர முடியாத நேரத்தில் பணத்தை அனுப்புகிறாய், எனக்குப் புரியாமல் இல்லை. அந்தப் பணத்தை அப்படியே திருப்பி அனுப்புகிறேன். அந்த விளக்கை வாங்கு. டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்கு.

டாக்டர் என்றதும் நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய் என்று தெரியும். நாலு பேருக்கு மருந்து கொடுக்கிறவள் தனக்கு என்றால் ஏன் இவ்வளவு யோசிக்கிறாய்? என் பிரஷர் மாத்திரையைச் சாப்பிட்டேனா என்று நித்தமும் கேட்கிறாயே, நான் ஒருநாளாவது வெட்கப்பட்டேனா? பேசிக் குணமாகிற சிகிச்சை இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. எது தந்தாலும் எடுத்துக்கொள். நம் வீட்டில் இதைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

எனக்காகத்தான் நீ சிரித்த குரலில் பேசுகிறாய் என்று நினைக்கிறேன். அப்பா தனியாக இருக்கிறார், நாமும் அழுதால் தாங்க மாட்டார் என்று. அந்தக் கணக்கு வேண்டாம். நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் எப்போது அழுகை இல்லாமல் இருந்தது, யோசித்துப் பார். 2004இல் நீ சின்னப் பிள்ளை. 25ஆம் தேதி மாமா வந்து உனக்கு பலூன் ஊதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை குளச்சலுக்குப் போனான். அதற்குப் பிறகு எந்த வருஷமாவது அம்மா அழாமல் கிறிஸ்துமஸ் பலகாரம் சுட்டதை நீ பார்த்திருக்கிறாயா? அச்சு முறுக்கு அச்சை மாவில் முக்கி எண்ணெயில் விடுவாள், முந்தானையால் கண்ணைத் துடைப்பாள், அடுத்ததை முக்குவாள். நீ ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாய். அழாதே என்று நானும் சொன்னதில்லை, புகை பட்டுவிட்டது என்று அவளும் மறைத்ததில்லை. 25ஆம் தேதி விடியற்காலை ஆராதனைக்குப் பட்டுச்சேலை உடுத்தி முதல் ஆளாகப் போய் நிற்பாள். 26ஆம் தேதி குளச்சலுக்குப் போய், சுனாமியில் போன எல்லாரையும் சேர்த்து அடக்கம் பண்ணின இடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவாள். வந்து படுத்துவிடுவாள். அன்றைக்கு அவளைச் சோறு வைக்கச் சொன்னோமா? கஞ்சி வைத்து அவள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது நீதானே. பத்து வயசுகூட ஆகவில்லை உனக்கு.

அந்தப் பிள்ளை இப்போது தான் படுத்துக் கிடப்பதை என்னிடம் மறைக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கிறிஸ்துமஸ் என்றால் சந்தோஷமாக இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நீ இருக்கிற ஸ்காட்லாந்திலேயே 1958 வரை அந்த நாளுக்குப் பொது விடுமுறை கிடையாது. சீர்திருத்தச் சபைக்காரர்கள் அந்தக் கொண்டாட்டமே வேண்டாம் என்று பல தலைமுறை இருந்தார்கள். அவர்களுக்கு பக்தி குறைந்துவிட்டதா? மத்தேயு எழுதினதைப் பார், பிறப்பின் கதைக்குப் பக்கத்திலேயே பெத்லகேம் தாய்மார்களின் அழுகையும் இருக்கிறது. குடும்ப குரூப்பில் எல்லாரும் ஒரே நிறத்தில் சட்டை போட்டுப் படம் போடுவார்கள். பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் பார்க்காதே. ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாதே. சித்தப்பா கோபித்தால் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்று. இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். எலியா தீர்க்கதரிசி ஒருநாள் சூரைச்செடிக்குக் கீழே உட்கார்ந்து, போதும், என்னை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டார் அல்லவா. வானத்திலிருந்து அக்கினியை இறக்கின மனுஷன். தேவதூதன் வந்து அவரைக் கண்டித்தானா? விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்டானா? சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்தார். தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அப்படி ஒரு நினைப்பு உனக்கு எப்போதாவது வந்தால், வந்ததற்காக நீ பயப்படவும் வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். ஆனால் அதோடு தனியாக உட்கார்ந்திருக்கக்கூடாது. அந்தக் கோட்டயத்துப் பெண்ணின் கதவைத் தட்டு. எந்த ராத்திரி ஆனாலும் என்னைக் கூப்பிடு. எங்களிடம் சொல்ல முடியவில்லை என்றால் 116 123க்குப் போன் பண்ணு. சமாரிட்டன்ஸ் என்று பெயர், உனக்குத் தெரிந்திருக்கும். சாட் வாரா என்கிற பாதிரியார் 1953இல் லண்டனில் ஆரம்பித்தது. காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், கிறிஸ்துமஸ் அன்றைக்கும் எடுப்பார்கள். போனில் இப்போதே பதிந்து வை. நான் நினைப்பதெல்லாம் தப்பாக இருந்தால் எனக்கு அதைவிட சந்தோஷம் இல்லை. இருந்தாலும் பதிந்து வை.

என்னைப் பற்றிக் கேட்பாய். 25ஆம் தேதி ஆலயம் முடிந்து அத்தை வீட்டில் சாப்பாடு. சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குப் போவேன். 26ஆம் தேதி குளச்சலுக்கு இந்த வருஷம் அம்மாவுக்குப் பதிலாக நான் போகிறேன். அழுகை வந்தால் அழுவேன். நேற்றுக்கூட கறிக்கடையில் எவ்வளவு வேண்டும் என்று கேட்டபோது, பழக்கத்தில் மூன்று பேருக்குச் சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். நான் சொன்னால்தானே நீ சொல்வாய்.

நீ அங்கே போன முதல் வருஷம், வார்டில் சாகக் கிடந்த ஒரு ஸ்காட்லாந்துக் கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு, டியூட்டி முடிந்த பிறகும் கூடவே இருந்தாய் என்று அம்மா சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். அந்தக் கிழவிக்கு ஆள் இல்லை. உனக்கு நான் இருக்கிறேன், அத்தை இருக்கிறாள், அந்தப் பெண் இருக்கிறாள்.

ஜனவரிக்குள் டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டு எனக்குத் தேதியைச் சொல். என்ன பேசினார் என்று கேட்க மாட்டேன், தேதி மட்டும் போதும். சோறு பொங்கிச் சாப்பிடு. வெளியே வெளிச்சத்தில் நட, இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்குப் போதவில்லை.

26ஆம் தேதி உன் மதிய இடைவேளை ஒரு மணிக்குத்தானே. இங்கே மாலை ஆறரை, நான் குளச்சலிலிருந்து திரும்பியிருப்பேன். ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்து நின்று, கேமராவைப் போட்டுக் கூப்பிடு. பேச ஒன்றும் இல்லை என்றாலும் கூப்பிடு.

அப்பா