மிக்ஸரில் இல்லாத கிட்டார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூடப்படும் கிளப்புகளில் மூத்த பங்க் குழுக்கள் வாசிக்கும் கடைசிக் கச்சேரிகளின் பதிவுகள் குறித்துத் தங்கள் இசைப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். நியூயார்க்கின் சிபிஜிபி கிளப் பற்றிய செய்திகள் சரியாகவே இருந்தன. ஆனால், மிக்ஸரிலிருந்து (மைக்குகளின் ஒலியைக் கலந்து அரங்க ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் கருவி) நேரே எடுத்த பதிவுதான் அசல், மற்றதெல்லாம் ஒட்டுவேலை என்ற கருத்தோடு ஒத்துப்போக முடியவில்லை. நேரடி ஒலிப்பதிவில் வேலை செய்கிறவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

சிபிஜிபி, பவரி தெருவில் 315ஆம் எண் கட்டடம். 1973 டிசம்பரில் ஹில்லி கிறிஸ்டல் திறந்தது. நீளமும் ஒடுக்கமுமான அறை. சுமார் 350 பேர் நிற்கலாம். அந்த அளவு இடத்தில் 100 வாட் வால்வு கிட்டார் ஆம்ப், அதன் கீழே 12 அங்குல ஸ்பீக்கர் நான்கு கொண்ட பெட்டி, ஓங்கி அடிக்கும் டிரம்மர் இருந்தால் போதும். பிஏ எனப்படும் அரங்க ஸ்பீக்கர்கள் இல்லாமலே அறை நிறைந்துவிடும். ஆகவே மிக்ஸரில் இருப்பவர் எது குறைகிறதோ அதை மட்டும் பிஏவுக்கு அனுப்புவார்: குரல், கொஞ்சம் கிக் டிரம், சில சமயம் பேஸ் கிட்டார். மிக்ஸரிலிருந்து இரண்டு டிராக்கில் எடுக்கும் பதிவில் பதிவாவது அந்தக் குறைநிரப்பல் மட்டுமே, அறையில் கேட்ட இசை அல்ல. குரல் காதருகே நிற்கும், கிட்டார் பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் இருக்கும். ரசிகர்கள் கைதட்டுவதே கேட்காது. பெரிய அரங்கில் கதை வேறு. 1978 ஜனவரி 14 அன்று செக்ஸ் பிஸ்டல்ஸ் வாசித்த சான்பிரான்சிஸ்கோ விண்டர்லேண்ட் போல ஐயாயிரம் பேர் கொள்ளும் இடத்தில் எல்லாக் கருவியும் பிஏ வழியாகத்தான் கடைசி வரிசைக்குப் போயாக வேண்டும். அங்கே மிக்ஸர் பதிவு ஓரளவு முழுமையாக இருக்கும். சின்னக் கிளப்புக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

எனவே ஒவ்வொரு மைக்கையும் தனித்தனி டிராக்கில் எடுப்பதே வழி. டிரம்ஸுக்கு எட்டு, பேஸுக்கு டிஐ பாக்ஸ் (கருவியை மைக் இல்லாமல் நேரே இணைக்கும் பெட்டி) ஒன்றும் மைக் ஒன்றும், கிட்டார் ஆம்ப் ஒன்றுக்கு இரண்டு மைக், குரலுக்கு நான்கு, ரசிகர்களுக்கு நான்கு என்று போனால் 20 சேனல் ஆகும். மைக் கேபிள்களை டிரான்ஸ்ஃபார்மர் ஸ்பிளிட்டரில் இரண்டாகப் பிரிக்கிறோம். நேரடிப் பக்கம் அரங்க மிக்ஸருக்கு, தனிமைப்படுத்திய பக்கம் ரிக்கார்டருக்கு. கண்டென்ஸர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டாது. மிக்ஸர் பக்கத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, கண்டென்ஸர் மைக்கில் ஒலியே வரவில்லை என்று தேடுவது அடிக்கடி நடக்கும் கூத்து. ஹம் வந்தால் ஸ்பிளிட்டரிலுள்ள கிரவுண்ட் சுவிட்சைத் திறக்கலாம். பிளக்கின் எர்த் பின்னை ஒருபோதும் துண்டிக்கக் கூடாது. உதட்டில் மைக்கும் கையில் கிட்டார் கம்பியுமாக நிற்கும் ஒருவரின் உயிர் அந்தப் பின்னில் இருக்கிறது. பழைய கிளப்பின் வயரிங் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டிஜிட்டல் மிக்ஸர் உள்ள இடத்தில் ஸ்பிளிட்டர் இல்லாமலே எல்லாச் சேனலையும் எடுத்துவிடலாம். ஆனால் கெயின் கைப்பிடி, அதாவது மைக் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற கட்டுப்பாடு, அரங்கப் பொறியாளரிடம் இருக்கிறது. நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட்செக்கில் அடிப்பதைவிட நிகழ்ச்சியில் எல்லோரும் பலமாக அடிப்பார்கள். கடைசி இரவில் இன்னும் அதிகம். பூஜ்யம்தான் ரிக்கார்டரின் மேல் எல்லை; சவுண்ட்செக்கின் உச்சம் மைனஸ் 18 டெசிபலைத் தொடுமாறு வைத்தால் நிகழ்ச்சியில் மைனஸ் 10, 8 என்று ஏறினாலும் தாங்கும். எல்லை தாண்டிய ஒலியையும் சிதையாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் ரிக்கார்டர் காப்பாற்றும் என்று சிலர் நம்புகிறார்கள். மிக்ஸரின் முன்பெருக்கியிலேயே ஒலி நசுங்கிவிட்டால் பின்னால் எத்தனை பிட் இருந்தும் பயனில்லை.

கோப்பு அளவையும் முன்பே போட்டுப் பார்க்க வேண்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு டிராக்குக்கு மணிக்கு 518 எம்பி. 24 டிராக், மூன்றரை மணி நேரம்: 43.5 ஜிபி. சாதாரண வேவ் கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது. 24 டிராக்கையும் ஒரே கோப்பில் எழுதும் கருவி 20 நிமிடத்திலேயே அந்த எல்லையைத் தொடும். தானாக அடுத்த கோப்புக்குத் தாவுகிறதா, தாவும்போது ஒலி விடுபடுகிறதா என்று முன்கூட்டியே ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது. ரிக்கார்டருக்குத் தனி யுபிஎஸ், இரண்டாவது கருவியில் ஒரு நகல். வீடியோ கேமராக்களின் கடிகாரமும் ஒலிக்கருவியின் கடிகாரமும் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு வேறுபட்டாலே மூன்றரை மணி நேர முடிவில் 126 மில்லிசெகண்ட் விலகிவிடும். உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். இரண்டையும் பொருத்துவதற்காக ஆரம்பத்தில் ஒருமுறை கைதட்டிப் பதிவதோடு நிற்காமல் முடிவிலும் தட்ட வேண்டும்.

ரசிகர் மைக்குகள்தான் இந்த வகைப் பதிவின் உயிர். அதிகம் கோட்டைவிடுவதும் அங்கேதான். மேடையின் இரு முனைகளிலும் கூட்டத்தைப் பார்த்து இரண்டு, அறையின் பின்பகுதியில் இரண்டு. பின்மைக்குகளை ஸ்டாண்டில் வைக்காதீர்கள். பங்க் கச்சேரியில் மூன்றாவது பாடலுக்குள் ஸ்டாண்ட் தரையில் கிடக்கும். கூரையிலோ விளக்குக் கம்பியிலோ கிளாம்ப் போட்டு, கூடவே பாதுகாப்புக் கம்பியும் கட்ட வேண்டும். பாருக்கு மேலே தொங்கவிட்டால் கிளாஸ் கழுவும் ஓசைதான் கிடைக்கும். மேடையிலிருந்து 15 மீட்டர் தள்ளியிருக்கும் மைக்குக்கு ஒலி 44 மில்லிசெகண்ட் தாமதமாக வருகிறது. அப்படியே கலந்தால் ஸ்னேர் டிரம்மின் அடி ஒவ்வொன்றும் இரட்டையாகக் கேட்கும். ஸ்னேரின் முதல் கூர்முனையைப் பார்த்து அந்த டிராக்குகளை முன்னே நகர்த்த வேண்டும். முழுவதும் நகர்த்தினால் அறையின் ஆழம் போய்விடும் என்பதால் 10 முதல் 15 மில்லிசெகண்ட் மிச்சம் வைப்பது எங்கள் விருப்பம். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அறை மைக்கில் வரும் தாழ்வொலி வெறும் சேறு. பாடல் முடிந்ததும் கூட்டத்தைத் திடீரென்று ஏற்றி, அடுத்த பாடலில் இறக்கும் வழக்கம் பல ஆல்பங்களில் உண்டு. ஒவ்வொரு முறையும் யாரோ கதவைத் திறந்து மூடுவது காதுக்குத் தெரிகிறது. மூன்று, நான்கு டெசிபலுக்கு மேல் அசைக்காமல் இருப்பதே நேர்மை.

பாடகரின் மைக் இன்னொரு தலைவலி. பங்க் பாடகர்கள் மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பார்கள். பின்பக்கத் துவாரங்கள் அடைபட்டால் ஒருதிசை மைக் எல்லாத் திசையும் கேட்கும் மைக் ஆகிவிடும். உடனே மேடையில் பாடகரை நோக்கி வைத்த மானிட்டர் ஸ்பீக்கரிலிருந்து ஃபீட்பேக் வீறிடும். முன்பக்க ஒலியை இன்னும் குறுகலாக எடுக்கும் சூப்பர் கார்டியாய்டு மைக் கொடுத்தால், அதன் செவிட்டுப் பகுதி நேர்பின்னே இல்லாமல் 126 பாகை அளவில் பக்கவாட்டில் இருப்பதால் மானிட்டரையும் அதற்கேற்பத் தள்ளி வைக்க வேண்டும். பாடகர் மைக்கை விட்டு விலகும்போது அதில் நிறைவது சிம்பல் ஓசை. அதற்கு கேட் (ஒலி குறைந்ததும் தானாக அடைக்கும் கருவி) போடாதீர்கள். குரல் திறக்கும் ஒவ்வொரு முறையும் சிம்பலும் சேர்ந்து எகிறும். வரி வரியாகக் கையால் இறக்குவது அலுப்பான வேலைதான், ஆனாலும் அதுதான் சரி.

எந்த இரவைப் பதிவது? கடைசி இரவை மட்டும் நம்பக் கூடாது. உணர்ச்சி, விருந்தினர்கள், பீர் மூன்றும் சேர்ந்து பெரும்பாலும் அன்றுதான் வாசிப்பு தடுமாறும். சிபிஜிபியின் கடைசி வாரத்தில் பேட் பிரெயின்ஸ் போன்ற மூத்த குழுக்கள் திரும்பி வந்து வாசித்தன. 2006 அக்டோபர் 15 அன்று பாடகி பேட்டி ஸ்மித் நிறைவு செய்தார். சிரியஸ் செயற்கைக்கோள் வானொலி அதை நேரடியாக ஒலிபரப்பியது. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் ஃப்ளீ, டெலிவிஷன் குழுவின் ரிச்சர்ட் லாய்டு ஆகியோரும் அன்று மேடையேறினார்கள். இப்படி யாராவது வருவார்கள் என்று எண்ணி, குரல் மைக் இரண்டு, டிஐ ஒன்று, ஆம்ப் மைக் ஒன்று ஆரம்பத்திலிருந்தே இணைத்துப் பதிவில் வைத்திருக்க வேண்டும். வேறோர் இரவின் டிராக்கை இங்கே ஒட்டலாமா என்றால், காதில் தாளம் சொல்லும் கிளிக் ஒலி இல்லாமல் வாசிக்கும் குழுவுக்கு அது எளிதல்ல. வியாழனன்று நிமிடத்துக்கு 180 அடி, ஞாயிறன்று 188 அடி என்றால் இரண்டு நிமிடப் பாடல் ஐந்து செகண்ட் சுருங்கிவிடும். முழுப் பாடலையும் மாற்றலாம், அறுந்த குரல் வரியை ஒட்டலாம். கிட்டாரை ஒட்ட முடியாது.

பேட்டி ஸ்மித் அன்று கடைசிப் பாடலின் முடிவில் மறைந்த இசைக்கலைஞர்களின் பெயர்களை வாசித்தார். அப்படிப்பட்ட அமைதியில்தான் ஆம்ப்பின் ஹம், பாரின் குளிர்சாதனப் பெட்டி, டிம்மர் விளக்கின் இரைச்சல் எல்லாம் வெளியே வரும். கடைசிப் பத்து நிமிடம் ஐஸ் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி பார்க்காரரிடம் முன்பே பேசி வைப்பது, பிறகு எந்த மென்பொருளாலும் துடைப்பதைவிட மேல்.

கட்டுரையில் வராத ஒன்று, அறையையே பதிவு செய்வது. வாடகை வழக்கும் குத்தகை முடிவுமாக சிபிஜிபி காலி செய்யப்பட்டது. 2007 ஆகஸ்டில் கிறிஸ்டல் இறந்தார். 2008இல் அங்கே ஜான் வார்வடோஸ் துணிக்கடை வந்தது. துணி தொங்கும் அறை பழையபடி ஒலிக்காது. அந்தக் கிளப்பின் கழிப்பறையை 2013இல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் கண்காட்சிக்காக மறுபடி கட்டியது. கழிப்பறைக்குக் கிடைத்த மரியாதை, மூடப்படும் எந்த அறையின் எதிரொலிக்கும் கிடைக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் போதும். டிரம்ஸ், பாடகர், ஆம்ப் நின்ற மூன்று இடங்களில் நல்ல ஸ்பீக்கர் ஒன்றை மாற்றி மாற்றி வைத்து, 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை மடக்கை வேகத்தில் ஏறும் ஒலியை 20 செகண்ட் ஓடவிட்டு, ஐந்து செகண்ட் மௌனம் விட வேண்டும். நான்கு மைக் இடங்கள், ஒவ்வொன்றிலும் இருமுறை. இத்தாலியின் ஆஞ்சலோ ஃபரினா 2000ஆம் ஆண்டில் விளக்கிய இந்த முறையில் ஸ்பீக்கரின் சிதைவு தனியே பிரிந்துவிடும், அறையின் பதில் மட்டும் மிஞ்சும். அதைக் கொண்டு பின்னர் எந்த ஒலிக்கும் அந்த அறையின் எதிரொலியைச் சேர்க்கலாம். பலூன் வெடித்தும் எடுக்கலாம். தாழ்வொலி சரியாக வராது. கிளப்பின் சொந்த பிஏவைக் கழற்றி விற்பதற்கு முன் அதன் வழியாகவும் ஒருமுறை ஓடவிடுங்கள்.

காலி அறை கூட்டமுள்ள அறையைவிட நீளமாக ஒலிக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எதிரொலி நேரத்தைக் கணக்கிடும் சபைன் சூத்திரப்படி, 1,200 கன மீட்டர் அறையில் உறிஞ்சும் பரப்பு 150 சதுர மீட்டர் என்று வைத்தால் எதிரொலி 1.3 செகண்ட். ஆளுக்கு 0.4 சதுர மீட்டர் வீதம் 350 பேர் நின்றால் அது 0.67 செகண்டாகக் குறைகிறது. ஆகவே எடுத்ததைச் சுருக்கித்தான் பயன்படுத்த வேண்டும். இதே அறைப்பதிவைக் கொண்டு, வயதான பாடகர் ஸ்டுடியோவில் முழுவதும் திரும்பப் பாடிய குரலையும் அந்த அறையில் நின்று பாடியதாகக் காட்டிவிட முடியும். கேபிள் அறுந்த ஒரு வரிக்குச் சரி; அதற்கு மேல் போனால் உறையில் நேரடிப் பதிவு என்று அச்சிடக் கூடாது.

உரிமைக் கையெழுத்துகளை மேடை ஏறுமுன் வாங்கிவிட வேண்டும், விருந்தினர்களிடமும். பிறர் பாடலைப் பாடினால், அமெரிக்காவில் ஆடியோவுக்குச் சட்டப்படியான கட்டாய உரிமம் (உரிமையாளரின் சம்மதம் இல்லாமலே கட்டணம் செலுத்திப் பெறுவது) உண்டு. வீடியோவுக்கு இல்லை, பாடல் உரிமையாளரிடம் தனியே பேசித்தான் ஆக வேண்டும்.

இனி இத்தகைய ஆல்பங்களுக்குத் தங்கள் பக்கத்தில் விமர்சனம் வரும்போது எத்தனை இரவுகளில் எடுத்தது, அறை மைக் இருந்ததா, எது பின்னால் சேர்த்தது என்ற மூன்று தகவல்களையும் வெளியீட்டாளரிடம் கேட்டுச் சேர்த்தால் வாங்குகிறவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
நேரடி ஒலிப்பதிவுத் துறை வாசகர்கள்,
சென்னை