கல்வெட்டின் மேல் வெள்ளையடிக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் ஏற்காடு அடிவாரத்தில் ஒரு பழைய மருந்தகத்தின் சுவர்க் கல்வெட்டு மேல் சுண்ணாம்பு அடித்திருப்பதைப் பார்த்தேன். நகத்தால் சுரண்டியதில் ‘ரூ.’ மட்டும் தெரிந்தது, தொகை தெரியவில்லை. மனசு கேட்கவில்லை.

அன்றைய மருத்துவச் செலவுக் கதையே இப்படிக் கல்லில் பொறித்த நன்கொடைத் தொகைகளிலும் பழைய கணக்கு ஏடுகளிலும்தான் இருக்கிறது. 1884ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டங்களுக்குப் பிறகு சென்னை மாகாணத்தின் பல மருந்தகங்களை நகராட்சிகளும் ஜில்லா, தாலுகா போர்டுகளும் நடத்தின. வீட்டு வரி, நிலவரியோடு சேர்த்து வசூலித்த செஸ் என்ற கூடுதல் வரி, சாலைச் சுங்கம் என்று காசு வந்தது. அதாவது மாட்டுவண்டிக்காரர் கொடுத்த காசும் அதில் உண்டு. ஆனால் கல்லில் இருப்பது கொடையாளர் பெயர்தான். மிஷன் மருத்துவமனைகளுக்கு அரசு மானியமும் கிடைத்தது. 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தால் மருத்துவத் துறை மாகாண அமைச்சர்களிடம் வந்தது. அப்புறம் 1924இல், கிராமத்தில் தங்கி வைத்தியம் பார்க்கும் டாக்டர்களுக்கு மானியம் தரும் திட்டம் தொடங்கியது.

அந்த மருந்தகங்களின் கணக்கு ஏடுகள் எங்கெல்லாம் மிஞ்சியிருக்கின்றனவோ, அங்கெல்லாம் ஸ்கேன் செய்து மக்கள் பார்க்க வைக்க வேண்டும். கல்வெட்டுகளையாவது இந்தப் பொங்கல் வெள்ளையடிப்புக்கு முன் படம் எடுத்துவிடுங்கள்.

– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்