நுண்முனைப் பேனா தயாரிப்பாளர்களுக்கு: உறையில் இன்னும் சில வரிகள் வேண்டும்

வணக்கம்.

நீங்கள் பேனா செய்வது காகிதத்துக்காக. வரைபடம் போடுகிறவர்களும் காமிக்ஸ் வரைகிறவர்களும்தான் உங்கள் முதல் வாடிக்கையாளர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதே பேனாவை வாங்கி, அக்ரிலிக் வண்ணம் தீட்டிய சின்னஞ்சிறு பிளாஸ்டிக், ரெசின் உருவங்களுக்குக் கண்ணும் புருவமும் எழுதுகிற கூட்டம் ஒன்றும் இருக்கிறது. எங்களுக்காகப் புதுப் பேனா கண்டுபிடிக்கச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. இருக்கிற பேனாவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை உறையில் அச்சிடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஏன் பேனா என்று கேட்பீர்கள். 28 மில்லிமீட்டர் உருவம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கண் ஒரு மில்லிமீட்டர் அகலம் இருந்தாலே பெரிது. அதற்குள் கருவிழி வைக்க வேண்டும். பிரஷ்ஷில் வைப்பதென்றால் வண்ணத்தின் பதம், முனையில் ஏறியிருக்கும் அளவு, கையின் அழுத்தம் மூன்றும் ஒரே நொடியில் சரியாக அமைய வேண்டும். அவ்வளவு சிறிய துளி அக்ரிலிக், கண்ணருகே கொண்டுபோவதற்குள் பிரஷ் முனையிலேயே காய்ந்துவிடும். பேனாவில் இந்தத் தொல்லையில் பாதியை நீங்களே தீர்த்துவிடுகிறீர்கள். மை ஒரே பதத்தில் வருகிறது, கோடு ஏறக்குறைய ஒரே அகலத்தில் விழுகிறது. கை நடுங்குகிறவர்களுக்கும் பார்வை குறையத் தொடங்கியவர்களுக்கும் இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி மாளாது. பேனா பிடிப்பது குறுக்குவழி என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. விரித்த ஏட்டில் எழுத்து வரிகள், தோளில் பச்சை குத்திய கோலம், துணி ஓரத்துத் தையல், கேடயத்தின் மர ரேகை என்று பேனாவால் வரும் வேலையை அவர்கள் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

சிக்கல், மை விழுந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. காகிதத்தில் நார் இருக்கிறது. தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ள, நிறமித் துகள்கள் நார்களுக்கிடையே சிக்கி நின்றுவிடுகின்றன. நீரில் கரையாது என்று நீங்கள் போடும் வாசகம் அந்த நிலைமைக்குச் சரி. அக்ரிலிக் படலத்தில் நார் ஏது? மை மேலாகவே நிற்கிறது. அதிலுள்ள தண்ணீர் காற்றில்தான் போயாக வேண்டும். தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல இருக்கும். அதை நம்பி, வண்ணத்தைக் காக்க மேலே பூசும், நீரில் கலக்கும் வார்னிஷைப் பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்தால், கருவிழி கரைந்து கண்ணின் வெள்ளையைச் சாம்பல் நிறமாக்கி, கடைக்கண்ணிலிருந்து கன்னத்துக்கு இறங்கும். கண்ணை மட்டும் திருத்தினால் போதாது, முகத்தையே திரும்பத் தீட்ட வேண்டிவரும்.

இதற்கு எங்களுக்குள் ஒரு முறை உண்டு. பளபளப்பான பரப்பில் மை திரண்டுகொள்ளும் என்பதால் முதலில் மேட் வார்னிஷ், அதாவது பளபளப்பில்லாத வார்னிஷ், ஒரு பூச்சு. அது கொஞ்சம் சொரசொரப்பைக் கொடுக்கும். அதன்மேல் கோடு. பிறகு ஓர் இரவு முழுக்கத் தொடாமல் விட்டுவிடுவது. அப்புறம் ஸ்பிரே வார்னிஷைத் தள்ளிப் பிடித்து, பனி படிவதுபோல மெல்லிசாக, ஒன்று காய்ந்த பின் இன்னொன்று. ஆல்கஹால் சார்ந்த மை என்றால் கதை தலைகீழ். நீர் வார்னிஷுக்கு அசையாத கோடு, கரைப்பான் கலந்த ஸ்பிரே பட்டதும் கசிந்து படரலாம். கையிலிருக்கும் பேனா எந்த வகை என்பதை உறையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத நிலைதான் பல பேனாக்களில். ஆகவே வேண்டாத உருவம் ஒன்றில் கோடு போட்டு, அவரவர் வார்னிஷைப் பூசிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். அந்தச் சோதனையை நாங்கள் விடப்போவதில்லை. ஆனால் மையில் என்ன இருக்கிறது என்று தெரிந்த உங்களுக்கு, அதைச் சொல்ல ஒரு வரி போதும்.

மையில் இருப்பது கரையாத துகளான நிறமியா, கரைந்துவிடும் சாயமா? கரைப்பான் நீரா, ஆல்கஹாலா? உறிஞ்சாத பரப்பில் காய எவ்வளவு நேரம்? எந்த வகை வார்னிஷைத் தாங்கும்? இவ்வளவுதான் கேட்கிறோம்.

வண்ண மைகளுக்கு இன்னும் ஒன்று. கறுப்பைப் பற்றிக் கவலையில்லை, கார்பன் கறுப்பு வெளிச்சத்துக்கு அசையாது. ஆனால் இவ்வளவு சிறிய முகத்தில் கண் விளிம்புக்குக் கறுப்பு உறைத்துத் தெரியும், அடர்பழுப்புதான் இயல்பாக அமையும். உதட்டுக்கோட்டுக்கும் அப்படியே. அந்தப் பழுப்பு சாய மையாக இருந்தால், வெளிச்சம் படும் அலமாரியில் நாளடைவில் வெளுத்துப்போகக்கூடும். ஓவியர்களுக்கான வண்ணக் குழாய்களில் நிறமியின் குறியீட்டையே அச்சிடுகிறார்கள். பி.பி.கே. 7 என்றிருந்தால் கார்பன் கறுப்பு என்று வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடும். ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் முறைப்படி வெளிச்சத்தை எவ்வளவு தாங்கும் என்ற மதிப்பையும் பல குழாய்களில் பார்க்கலாம். உங்கள் வண்ணப் பேனாக்களிலும் அது வரட்டும்.

அளவு எண்களையும் சொல்ல வேண்டும். பிக்மா மைக்ரான் பேனாவில் 005 என்றால் 0.20 மி.மீ., 01 என்றால் 0.25 மி.மீ., 05 என்றால் 0.45 மி.மீ. எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர், 005 என்பதை 0.05 மி.மீ. என்று நினைத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. பழைய வரைகலைப் பேனாக்களுக்கு 0.13, 0.18, 0.25, 0.35 மி.மீ. என்று எல்லோருக்கும் பொதுவான அளவுகள் இருந்தன. எண்ணை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், மில்லிமீட்டரைப் பக்கத்திலேயே பெரிதாகப் போடுங்கள்.

முனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேட் வார்னிஷில் மேட் தன்மைக்காகச் சேர்க்கும் நுண்ணிய சிலிக்கா, பிளாஸ்டிக் முனையைத் தேய்த்துவிடுகிறது. உள்ளே மை தளும்பத் தளும்ப இருக்கும்போதே முனை மழுங்கி, பேனா குப்பைக்குப் போகிறது. காப்பிக் மல்டிலைனர் எஸ்.பி. போல முனையை மாற்றிக்கொள்ளும் பேனாக்கள் ஏற்கெனவே வந்திருப்பதால், இதை முடியாத காரியம் என்று சொல்வதற்கில்லை. கூடவே, முனையைப் பிடித்திருக்கும் உலோகக் குழலைக் கொஞ்சம் நீளமாக்க முடியுமா என்றும் பாருங்கள். மூக்குக்குப் பக்கத்திலுள்ள கண்ணுக்குப் பேனாவைச் செங்குத்தாகக் கொண்டுபோக இடமிருப்பதில்லை. சாய்த்தால் குழலின் விளிம்பு உரசி, தீட்டிய தோல்நிறத்தைச் சுரண்டிவிடுகிறது.

சோதித்துப் பார்க்க வண்ணம் தீட்டிய உருவங்கள் தேவைப்பட்டால் கேளுங்கள். எந்த பிரைமர் (அடிப்பூச்சு), எந்த வண்ணம், எந்த வார்னிஷ் என்று ஒவ்வொன்றின் அடியிலும் குறித்தே அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் பேனாவால் கண் எழுதும் ஒரு மினியேச்சர் ஓவியர்