பாப்பாவுக்கு, ஊர் வந்து சேர்ந்த பிறகு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மூட்டு வலி குறைந்திருக்கிறது. மாடித் தண்ணீர்த் தொட்டியை மாற்றியாகிவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் மட்டும் போட்டால் எங்களுக்கு என்ன தெரியும்? இரண்டு வரி எழுது.

அந்தச் சனிக்கிழமை ப்ராக் நகரம் முழுக்க என்னை நடத்திக் கூட்டிப் போனாயே, அதைத்தான் அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பழைய நகரச் சதுக்கத்தில் ஒரு பாட்டி வழி கேட்டதும் நீ செக் மொழியில் கடகடவென்று பதில் சொன்னாய். ஹிந்தி டியூஷனுக்கே அழுத பிள்ளை! எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மதகும் பாலமுமாகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு அந்தச் சார்லஸ் பாலத்தை விட்டு நகரவே மனம் வரவில்லை. முன்பிருந்த பாலம் 1342 வெள்ளத்தில் போய்விட, 1357-ல் நான்காம் சார்லஸ் அடிக்கல் நாட்டிய பாலம். 16 வளைவு, அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். ஜூலை 9, விடியற்காலை 5.31 என்று ஜோசியர்கள் முகூர்த்தம் குறித்துக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். எழுதிப் பார்த்தால் 1, 3, 5, 7, 9, 7, 5, 3, 1 என்று எண்கள் ஏறி இறங்குகின்றன. "ராகுகாலம் பார்க்கிற அப்பாவுக்கு ஏற்ற ராஜா" என்று சிரித்தாய். அன்றைக்கு நீ சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

1890 வெள்ளத்தில் அந்தப் பாலத்திலும் மூன்று வளைவுகள் விழுந்தன. ஆற்றில் அடித்து வந்த மரங்களும் கட்டைகளும் தூண்களுக்கிடையே சிக்கி, அணை மாதிரி தண்ணீரைத் தேக்கிவிட்டன. பாலத்தில் குறையில்லை. அடைப்பை அன்றன்றைக்கே எடுத்துவிட்டால் எவ்வளவு தண்ணீரும் போய்விடும். எங்கள் டிபார்ட்மெண்டில் வெள்ளக் காலத்தில் ராத்திரி முழுக்க அந்த வேலைதான் பார்ப்போம்.

அப்புறம் நெபோமுக் ஜான் சிலை. 1393-ல் அந்தப் பாதிரியாரை மன்னர் நான்காம் வென்சஸ்லாஸ் ஆற்றில் தள்ளிக் கொன்றார். ராணி பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை வெளியே சொல்ல மறுத்ததால்தான் என்பது ஊர்க் கதை. நடந்தது மடாதிபதி நியமனத் தகராறு என்று நீ விளக்கினாய். பீடத்து வெண்கலத் தகடு கறுத்துக் கிடக்க, பாலத்திலிருந்து விழுகிற அந்தச் சின்ன உருவம் மட்டும் எத்தனையோ பேர் கைபட்டுப் பொன்னாக மின்னுகிறது. எல்லோரும் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள். நீ கையை எடுக்கவில்லை. பின்னால் வரிசை நின்றது. நான்தான் தோளைத் தொட்டு அழைத்தேன்.

பாலத்துக் கோபுரத்தடியில் நிற்கும்போது மாப்பிள்ளை ப்ர்னோவில் இருக்கிறார் என்றாய். கோட்டைக்கு ஏறும் படிகளில், அம்மா போனில் கேட்டபோது, ஓஸ்த்ராவா என்றாய். வேலை என்றால் இரண்டு ஊருக்கும் போகத்தான் வேண்டியிருக்கும். வீட்டு வாசலில் ஷூ ஸ்டாண்டில் உன் செருப்பும் உன் மழைக்கால பூட்ஸும் மட்டும் இருந்தன. மேல் தட்டைத் துடைத்து வைத்திருந்தாய். நான் எதையும் துருவிப் பார்க்கவில்லை பாப்பா. ஷூவைக் கழற்றக் குனிந்தேன், கண்ணில் பட்டது.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குப் பிடித்த எலுமிச்சை ஊறுகாயை பார்சலில் அனுப்ப வேண்டும் என்று பாட்டில் பாட்டிலாகப் போட்டு வைத்திருக்கிறாள். அனுப்பச் சொல்லவா, வேண்டாமா, அதையாவது எழுது. மல்லிகா அத்தை விஷயம் உனக்குத் தெரியும். வீட்டில் யாருக்குமே தெரியாமல் அவள் எத்தனை வருஷம் தனியாக இழுத்தாள்! நீ அப்படி இழுக்கக் கூடாது. ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்கிறாயோ என்னவோ. ஊருக்குப் பதில் சொல்ல நான் இருக்கிறேன்.

அந்த மலைக்கோட்டைத் தேவாலயத்தை 1344-ல் ஆரம்பித்து 1929-ல்தான் முடித்தார்களாம். நான் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்று சொல், நிம்மதியாகக் கேட்டுக்கொள்கிறேன். இருந்தால், அங்கேயே இருப்பதா இங்கே வருவதா என்பது உன் முடிவு. உன் அறையில் யாரையும் படுக்க விடவில்லை. டிக்கெட் காசு பற்றி யோசிக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் தயிர் வேண்டாம், சளி பிடிக்கும். வேலை முடிந்து வரும்போது அந்த ஆற்றோரமாகத் தனியாக நடக்காதே, டிராமில் வா.

அம்மா ஒன்பதரைக்கே படுத்துவிடுகிறாள். அங்கே மாலை ஆறரை என்றால் இங்கே பத்து. போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன். வீடியோ வேண்டாம், குரல் மட்டும் போதும்.

அன்புடன்,
அப்பா