மெதுவாகப் போகிற கப்பலில் ஏறு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததையும் உன் பணி ஓய்வுத் தேதியையும் ஒரே கடிதத்தில் எழுதினால் எதற்கு முதலில் வாழ்த்துவது? இரண்டுக்கும் சேர்த்து வாழ்த்திவிட்டேன் என்று வைத்துக்கொள். இங்கே எனக்கு அதே மணிலா, அதே நெரிசல், புதிதாக ஒன்றுமில்லை. நீ கேட்ட தீவுப் பயணக் கதைக்கு வருகிறேன்.

பிலிப்பைன்ஸில் 7,641 தீவுகள். பெரிய தீவுகளுக்கெல்லாம் விமானம் உண்டு. நானும் மனைவியும் வேண்டுமென்றே கடல்வழியாகப் போனோம். 2003 முதல் இங்கே ரோரோ கப்பல்களை வைத்து ஒரு கடல் நெடுஞ்சாலையே போட்டிருக்கிறார்கள். லாரியும் பஸ்ஸும் கப்பலுக்குள் ஏறி, அடுத்த தீவில் இறங்கி, தன்பாட்டுக்குச் சாலையில் ஓடும். மணிலாவுக்குத் தெற்கே பத்தங்காஸ் துறைமுகத்தில் கப்பலேறினால் மிண்டோரோ, பனாய், நெக்ரோஸ் என்று ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கலாம்.

பல துறைகளில் விரைவுப் படகும் இருக்கிறது. அதில் ஏறாதே. கண்ணாடியை அடைத்து, குளிரக் குளிர ஏ.சி. போட்டு, ஏதோ ஒரு சினிமாவை ஓடவிடுவார்கள். அலை பெரிதானால் அந்த அடைப்புக்குள்தான் வயிறு புரட்டும். ரோரோவில் இரண்டு மடங்கு நேரம் ஆகும், ஆகட்டுமே. மேல்தளம் திறந்து கிடக்கும். லாரிகள் பின்பக்கமாகவே மெல்ல மெல்ல உள்ளே ஏற, ஒரு பையன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு இரண்டு விரல் இடைவெளியில் அவற்றை நிறுத்த வைப்பான். பிறகு சக்கரங்களைச் சங்கிலியால் பிணைப்பார்கள். எங்கள் கப்பலில் கூண்டுக்குள் இருந்த ஒரு சண்டைச் சேவல் அக்கரை வரும்வரை கூவிக்கொண்டே வந்தது. அதன் சொந்தக்காரர் அசந்து தூங்கினார். கப் நூடுல்ஸுக்கு வெந்நீர் வாங்க ஒரு வரிசை, அதில்தான் எங்களுக்குப் பாதிப் பேர் பழக்கமானார்கள்.

மிண்டோரோவின் ரோஹாஸிலிருந்து பனாயின் காட்டிக்லானுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். கடப்பது தப்லாஸ் நீரிணை. 1987 டிசம்பர் 20 அன்று டோன்யா பாஸ் என்ற பயணிகள் கப்பல் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதி எரிந்தது இதே நீரிணையில்தான். நாலாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். போர் இல்லாத காலத்தில் இதைவிடப் பெரிய கப்பல் விபத்து நடந்ததில்லை. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள், பாதிப் பேரின் பெயர்கூடப் பதிவில் இல்லை. அதைப் படித்தபிறகு, டிக்கெட் வாங்கும்போது பெயர், வயது எழுதச் சொல்லிப் படுத்துகிறார்களே என்ற அலுப்பு எனக்குப் போய்விட்டது. உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் உட்காருகிறேன்.

காட்டிக்லானில் எல்லோரும் போராகாய்க்குப் படகேறுவார்கள். கடல் கழிவுநீர்க் குட்டையாகிவிட்டது என்று 2018-ல் அரசு ஆறு மாதம் மூடி வைத்த தீவு அது. இப்போது சுத்தமாக இருக்கிறது, கூட்டமும் திரும்பிவிட்டது. நாங்கள் ஒரு சாயங்காலம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

என் மனதில் நிற்பது அப்போ தீவுதான். நெக்ரோஸின் தென்கரையிலிருந்து, இரு பக்கமும் மூங்கில் கழி பூட்டிய பாங்கா படகில் அரை மணி நேரம். கரையைத் தொடும்போது முழங்கால்வரை நனைந்துவிடும், பையைத் தலைமேல் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். டுமகெட்டே நகரத்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேசிப்பேசி மனதை மாற்ற, 1980-களில் இங்குள்ள மீனவர்கள் தங்கள் கடலின் ஒரு துண்டில் வலைபோடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அங்கே பெருகிய மீன் வெளியிலும் வந்தது, அவர்கள் வலையிலும் விழுந்தது. கரையோரம் இடுப்பளவு நீரில் முகமூடி போட்டுக் குனிந்தால் பச்சை ஆமை கடல்புல் மேய்ந்துகொண்டிருக்கிறது. நம்மைக் கண்டுகொள்வதே இல்லை.

சரி, நீ வருவதாக இருந்தால்: மார்ச்சிலிருந்து மே வரை கடல் ஓரளவு அமைதி. ஜூலைக்குமேல் புயல் காலம். ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கை அறிவித்தாலே கடலோரக் காவல்படை கப்பலை விடாது, துறையிலேயே படுத்துக்கிடக்க வேண்டும். அதனால் கடைசிக் கப்பலுக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் நடுவே இரண்டு நாளாவது விட்டுவை. டிக்கெட் போக முனையக் கட்டணம் தனி, சில்லறை வைத்துக்கொள். 2025 ஜூனிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் 14 நாள் இருக்கலாம். அதற்குள் மணிலாவிலிருந்து இறங்கிவர நேரம் போதாது. நேராகச் செபுவுக்கு விமானத்தில் வா, நான் அங்கே வந்துவிடுகிறேன். போஹோல், சிக்கிஹோர், டுமகெட்டே, அப்போ என்று ஒரு சுற்று; எல்லாம் சின்னச் சின்னக் கடல்தான், உன் வயிறு தாங்கும்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். எந்த மாதம் தோதுப்படும் என்று எழுது, கப்பல் நேரங்களை நான் பார்த்து வைக்கிறேன்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்