வகுப்புத் தோழர்களுக்கும் பேச்சுப் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்டிசம் உள்ள வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு உரையாடக் கற்பிப்பது குறித்த தங்கள் கட்டுரையைப் படித்தேன். சிறப்புக் கல்வியாளராகப் பணிபுரியும் எனக்கு, நாம் கற்றுத்தரும் பேச்சு அந்த வயதுப் பிள்ளைகள் உண்மையில் பேசும் பேச்சுதானா என்ற கேள்வி அதில் விடுபட்டிருப்பதாகத் தோன்றுகிறது.

"வணக்கம், உங்கள் பெயர் என்ன?" என்று பயிற்சி மையத்தில் மனப்பாடம் செய்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், ஆறாம் வகுப்பிலிருந்தே உடன் படிக்கும் தோழனிடம் அதை அப்படியே கேட்டான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், பிறகு பல நாள்கள் அவன் இடைவேளையில் வகுப்பறையை விட்டு வெளியே வரவேயில்லை. "டேய், நேத்து மேட்ச் பாத்தியா?" என்று கேட்க அவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எலிசபெத் லாகசனும் பிரெட் பிராங்கெலும் உருவாக்கிய 'பியர்ஸ்' என்னும் பயிற்சி, பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் அறிவுரைகளை ஒதுக்கிவிட்டு, நண்பர்கள் உள்ள பிள்ளைகள் என்ன செய்கிறார்களோ அதையே படிப்படியாகக் கற்பிக்கிறது. பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் சேர வேண்டுமென்றால், நேரே போய்த் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளாமல், சற்றுத் தள்ளி நின்று கேட்டு, பேச்சு எதைப் பற்றியது என்று அறிந்து, இடைவெளி விழும்போது அதைப் பற்றியே ஏதேனும் சொல்ல வேண்டும். அவர்கள் சேர்த்துக்கொள்ளாவிட்டால் அமைதியாக விலகிவிட வேண்டும். பெற்றோருக்கும் உடன் வகுப்பு உண்டு. இதை அப்படியே மொழிபெயர்த்தால் போதாது. யாரை 'டா' போட்டுப் பேசலாம், யாரை 'அண்ணா' என்று அழைக்க வேண்டும், எங்கே 'நீங்க' வர வேண்டும் என்பதெல்லாம் நம் பிள்ளைகளுக்குத் தனியே கற்பிக்க வேண்டியவை.

கண்ணைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்துவதை மட்டும் தயவுசெய்து கைவிட வேண்டும். பார்வையை விலக்கிக்கொண்டால்தான் பேச்சைக் கவனிக்க முடிகிறது என்று ஆட்டிசம் உள்ளவர்கள் பலர் சொல்கிறார்கள். அவர்களுள் ஒருவரான ஆய்வாளர் டேமியன் மில்டன், இரு தரப்பினரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தவறுவதே சிக்கல் என்று 2012-இல் எழுதினார். அப்படியிருக்க, ஒரு தரப்புக்கு மட்டும் பயிற்சி அளிப்பது எப்படி நியாயமாகும்?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் மாற்றுத்திறன் வகைகளின் பட்டியலில் சேர்த்து, உள்ளடக்கிய கல்வியை வலியுறுத்துகிறது. எனவே இப்பயிற்சியைப் பள்ளிக்குள்ளேயே, வகுப்புத் தோழர்களையும் சேர்த்து நடத்தவும், அதற்கென வாரத்தில் ஒரு பாடவேளை ஒதுக்கவும் பள்ளிக் கல்வித் துறை முன்வர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிறப்புக் கல்வியாளர் ஒருவர்,
திருச்சி.