மீதிக் குழிகளையும் மூடிவிடுங்கள், ஆணையர் அவர்களே

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

பாதாளச் சாக்கடைக்காக எங்கள் வார்டில் தோண்டிப் போட்ட குழிகளைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மனுக்கள் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. காலாண்டு விடுமுறையில் என் மகன் விழுந்ததும் காதுக்கு வந்திருக்கும். அதற்கடுத்த நாள் நடந்தது வந்திருக்காது.

அவனுக்குப் பத்து வயது. தெருப் பையன்களோடு கண்மாய்க்கரை வரை சுற்றிவரலாம் என்று அக்காவின் சைக்கிளைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது, நின்றபடியே மிதிப்பான். சேட்டைதான், அதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டான். ஆனால் ராத்திரி மழையில் தெருவும் குழியும் ஒரே மட்டமாய்த் தண்ணீர் நின்றால் பெரியவர்களுக்கே வழி தெரியாது. தடுப்பு இல்லை. சிவப்புத் துணி கட்டிய ஒரு குச்சிகூட இல்லை. கூட வந்த பையன்கள்தான் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். கை எலும்பு முறிந்தது. சைக்கிள் உள்ளேயே கிடந்தது.

மறுநாள் விடிந்ததும் ஒப்பந்ததாரரின் ஜேசிபி வந்தது. மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத வண்டி. நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் அந்த ஒரு குழியை மட்டும் மண் தள்ளி மூடிவிட்டது, சைக்கிளோடு சேர்த்து. அது பதினோராம் வகுப்பில் என் மகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி. அரசு கொடுத்ததை அரசு வேலையே புதைத்திருக்கிறது. கணக்கு நேர் என்று வைத்துக்கொள்ளலாமா?

இப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு. காலைச் சிறப்பு வகுப்புக்கு இருட்டோடு கிளம்பி நடக்கிறாள். கட்டணமில்லாப் பேருந்து இருக்கிறதே என்பீர்கள். அது எங்கள் பக்கம் வரும்போது முதல் பாடவேளை முடிந்திருக்கும். மூடாத குழிகளின் ஓரமாகப் போக வேண்டியிருப்பதால் டார்ச் லைட்டோடு நானும் மெயின் ரோடு வரை போகிறேன். திரும்பி வந்துதான் உலை வைக்க வேண்டும்.

மீதிக் குழிகளை மூடுங்கள். மூட முடியாதவற்றுக்குத் தடுப்பு வையுங்கள். இது நான் கண்டுபிடித்த யோசனை அல்ல. வேலை நடக்கும் சாலையில் தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் இரவில் விளக்கும் வேண்டும் என்று, சாலைப் பணிகளுக்குத் தரவிதிகள் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரசின் எஸ்பி 55 வழிகாட்டுநூலே சொல்கிறது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவும் இருக்கிறது. சாலையைப் பாதுகாப்பாக வைக்கத் தவறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் உயிர் போக வேண்டும், அல்லது ஊனமாக வேண்டும். என் மகனுக்குக் கை மட்டும்தான் முறிந்தது. சட்டத்துக்கு அது போதவில்லை.

புகார் கொடுத்தால் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ் வருகிறது. சாக்கடை இணைப்புக்கு வைப்புத்தொகை கட்டச் சொல்லும் நோட்டீஸ் மட்டும் எந்தக் குழியிலும் விழாமல் வீடு வந்து சேர்ந்துவிட்டது. குழாயே இன்னும் பதிக்கவில்லை, ஐயா.

இருக்கட்டும். உங்களுக்கும் ஆள் பற்றாக்குறை, ஆயிரம் வேலை இருக்கும். வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் மீதிக் குழிகளை மூடித் தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். குழாய் பதிக்க அந்த இடத்தை மறுபடி தோண்டுவீர்கள் அல்லவா, அப்போது ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். சைக்கிளை எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வார்டுவாசி ஒருத்தி